பக்கத்து வீட்டு ஓட்ட ஒடசல், மழை வேற ஆரம்பிச்சாச்சு. யார்கிட்ட சொன்னா வேல நடக்கும்?

வண்ணை_வாசி
பழைய வண்ணாரப்பேட்டைல ஒரு சந்து, பேரு வேணாம். எங்க வீட்ட ஒட்டுனாப்ல ஒரு பழைய ஓட்டு வீடு, நடுவுல ஒரே சுவரு. உள்ள ஒரு பெரியவர் தனியா இருக்காரு, எழுபதுக்கு மேல வயசு. உள்ள என்ன இருக்குன்னு கேக்காதீங்க, என்ன இல்லன்னு கேளுங்க. திண்ணை ஃபுல்லா மிக்ஸி பாடி, கிரைண்டர் கல்லு, டேபிள் ஃபேன் கூண்டு, வாஷிங் மெஷின் டப்பு, வாசல்ல கதவு இல்லாத ஃபிரிட்ஜ் ரெண்டு, பின்னாடி மொட்டமாடி துண்டுல டயரு, பெயிண்ட் டப்பா, பழைய சின்டெக்ஸ் பாதி அறுத்தது. இது கொஞ்சம் கொஞ்சமா தெருவுக்கும் வந்துடுச்சு, பைக்க உருட்டிட்டு போனா ஹேண்டில்பார் இடிக்குது. பெருச்சாளி பட்டப்பகல்ல ஓடுது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி, அவரோட தெர்மாகோலும் டப்பாவும் மிதந்து வந்து எல்லார் வீட்டு வாசல்லயும் நின்னுச்சு, அதுக்கப்புறமாச்சும் குறைப்பாருன்னு பாத்தா, தண்ணி ஏறாத உயரத்துக்கு பரண் கட்டி இன்னும் சேக்க ஆரம்பிச்சிட்டாரு.

மனுஷன் கெட்டவரு இல்ல. பி அண்ட் சி துணி மில்லுல வேலை பாத்தவரு, 1996ல மில்லு மூடுனதும் திண்ணையில உக்காந்து மிக்ஸி, கிரைண்டர் மோட்டாருக்கு காயில் சுத்துற வைண்டிங் வேலை பண்ணியே காலத்த ஓட்டுனாரு. இந்த சந்துல அவரு கை படாத மிக்ஸியே கிடையாது. ஆனா எதிர்வீட்டு பையனுக்கு இப்போ டெங்கு. தெருவே அவரு மேல கோவமா இருக்கு. ஆன்லைன்ல குப்பைன்னு ஒரு புகார் போட்டோம், தனியார் இடம், உள்ள வந்து எடுக்க முடியாதுன்னு மூடிட்டாங்க. அடுத்து என்ன பண்றது, அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

காசிமேடு_காத்து
இன்னாத்துக்கு தலீவா இவ்ளோ யோசன. பெருசு டீ குடிக்க போற டைம் பாத்து நாலு பசங்கள உட்டு குட்டியானைல ஏத்து, கொடுங்கையூர் டம்ப்புல கொட்டிட்டு வந்துனே இரு. கம்ப்ளைண்டும் வாணா கிம்ப்ளைண்டும் வாணா.

ராயபுரம்_வக்கீல்
காசிமேடு அண்ணே, அப்படி செஞ்சா அத்துமீறி நுழைஞ்சதுக்கு ஒண்ணு, திருட்டுக்கு ஒண்ணுன்னு வண்ணை_வாசி பேர்ல ரெண்டு கேஸ் வரும். நமக்கு குப்பை, சட்டத்துக்கு அது அவரோட சொத்து. தெருவுல வெளிய நிக்கிறது மட்டும் பொது இடம், அத அகற்ற சொல்ல உரிமை உண்டு. கேட்டுக்கு உள்ள இருக்குறது வேற கதை, அத அப்புறம் எழுதுறேன், கோர்ட்டுக்கு கெளம்பணும்.

பெரம்பூர்_லோகோ
போகி வரைக்கும் பொறுத்துக்கோ, மொத்தமா கொளுத்திடலாம் 😄

கொடுங்கையூர்காரன்
டயர கொளுத்துறேன்னு மட்டும் யாரும் கெளம்பாதீங்க. 2018 போகி அன்னைக்கு புகையில மீனம்பாக்கத்துல ஃபிளைட்டே எறங்க முடியல. நாங்க வருஷம் முழுக்க புகையிலதான் இருக்கோம், எங்களுக்கு போகி தனியா தேவையில்ல.

வண்ணை_வாசி, விஷயத்துக்கு வரேன். நீங்க குப்பைன்னு புகார் குடுத்தீங்க, அதனாலதான் நிக்கல. கொசுன்னு குடுங்க. ரெண்டும் வேற வேற டிபார்ட்மெண்ட். குப்பைனா தெருவ கூட்டி அள்ளுறவங்களுக்கு போகும், அவங்களால ஒருத்தர் வீட்டு கதவ தாண்டி போக முடியாது. கொசுப் புழுன்னா ஹெல்த் டிபார்ட்மெண்ட், அவங்க வீட்டுக்குள்ள வந்து தொட்டி, டிரம்மு, ஃபிரிட்ஜு பின்னாடி எல்லாம் பாக்குறதே வேலை. எங்க அண்ணி டிபிசியா இருக்காங்க, அதான் வீடு வீடா வந்து டார்ச் அடிச்சு பாத்துட்டு மருந்து ஊத்துவாங்களே, அவங்கதான். 1939 பொது சுகாதார சட்டத்துலயே கொசு வளர்ற மாதிரி தண்ணி தேங்க விடக்கூடாதுன்னு தனியா இருக்கு. நோட்டீஸ் குடுக்கலாம், செய்யலன்னா அவங்களே செஞ்சு செலவ வசூல் பண்ணலாம்.

கார்ப்பரேஷன் புகார் நம்பர் 1913க்கு போன் பண்ணி, இந்த முகவரியில கொசுப்புழு இருக்கு, தெருவுல ஒரு டெங்கு கேஸ் இருக்குன்னு இந்த ரெண்டு வரியையும் சொல்லுங்க. கேஸ் இருக்குன்னு சொன்னா சுத்தி இருக்குற வீட்டையும் சேத்து பாக்க வருவாங்க. போட்டோ எடுக்குறப்போ குப்பைய எடுக்காதீங்க, தண்ணிய எடுங்க. டப்பால டார்ச் அடிச்சா புழு நெளியும் பாருங்க, அத பத்து செகண்ட் வீடியோ எடுத்து வெச்சுக்கோங்க.

தண்டையார்பேட்டை_அப்பா
சாக்கடைய விட்டுட்டு அந்த பெரியவர் வீட்டுல மட்டும் ஏன் பாக்கணும்னு யாராச்சும் கேப்பாங்க, அதுக்கும் பதில் சொல்லிடுங்க. எங்க தெருவுலயும் இதே பேச்சுதான்.

கொடுங்கையூர்காரன்
சாக்கடை கருப்புத் தண்ணில வர்றது க்யூலெக்ஸ், ராத்திரி கடிக்கும், அது வேற. டெங்குவ பரப்புறது ஏடிஸ், உடம்புல வெள்ள வெள்ளயா கோடு இருக்கும், பகல்ல கடிக்கும், அதுக்கு சுத்தமான தேங்குன தண்ணிதான் வேணும். மிக்ஸி ஜார்ல ஒரு கை தண்ணி நின்னாலே போதும். முட்ட வெச்சதுலேர்ந்து கொசுவா பறக்க ஒரு வாரம், பத்து நாள். அதுல பெரிய தலவலி என்னன்னா முட்டய தண்ணில போடாது, தண்ணி மட்டத்துக்கு கொஞ்சம் மேல டப்பா சுவத்துல ஒட்டி வெக்கும். டப்பா காஞ்சாலும் முட்ட மாசக்கணக்குல உசுரோட இருக்கும், அடுத்த மழைக்கு பொரிச்சிடும். அதனால தண்ணிய கவுத்து ஊத்துனா மட்டும் பத்தாது, பிரஷ் போட்டு தேய்க்கணும், இல்ல டப்பாவயே அப்புறப்படுத்தணும். புகை அடிச்சா பறக்குற கொசு சாவும், புழுவுக்கு ஒண்ணும் ஆகாது. புகை வண்டி வந்துட்டு போச்சுன்னு தெருவே நிம்மதியா தூங்கும், அதான் ஆபத்து.

இந்த கொசு ரொம்ப தூரமும் பறக்காது. பொறந்த இடத்த சுத்தி கொஞ்சம் வீடுங்க, அவ்ளோதான். எதிர்வீட்டு பையனுக்கு வந்திருக்குன்னா அந்த மாடியத்தான் மொதல்ல பாக்கணும். உங்க வீட்டு ஃபிரிட்ஜு பின்னாடி இருக்குற தண்ணி டிரேயையும் பாருங்க, அதுலயும் வளரும். பெரியவர மட்டும் சொல்லிட்டு நம்ம வீட்டுல வளத்துட்டு இருந்தா நல்லாவா இருக்கும்.

தண்டையார்பேட்டை_அப்பா
சரி, புரியுது. ஆனா ஒண்ணு சொல்றேன். எல்லாரும் மில்லு, மிக்ஸின்னு உருகுறீங்க. போன வருஷம் என் பொண்ணுக்கு பிளேட்லெட் எறங்கி, ஆஸ்பத்திரி காரிடார்ல உக்காந்து அடுத்த ரிப்போர்ட்டுக்காக காத்துட்டு இருந்தவன் நானு. எங்க பக்கத்துலயும் இதே மாதிரி ஒரு பழைய சாமான் மாடி. பாவம் வயசானவருன்னு ரெண்டு வருஷமா எல்லாரும் சும்மா இருந்தோம். பாவம் பாக்குறதுக்கும் ஒரு அளவு இருக்கு. எதிர்வீட்டுக்காரங்க சண்ட போட்டா அவங்கள தப்பு சொல்லாதீங்க.

வண்ணை_வாசி
அவங்கள யாரும் தப்பு சொல்லல அண்ணே. அந்த அம்மா நேத்து வாசல்ல நின்னு கத்துனாங்க, பெரியவர் கதவ சாத்திட்டு உள்ள போனவரு வெளியவே வரல. இன்னொரு விஷயம் இருக்கு. அவரு அண்ணன் புள்ளைங்களுக்கும் அந்த வீட்டுல பங்கு உண்டு. யாரு வந்து பேசுனாலும் "என்ன கெளப்பிட்டு பில்டர் கையில குடுக்கத்தானே ஆள் அனுப்புறீங்க"ன்னுதான் கேக்குறாரு. குப்பைய பத்தி பேச்செடுத்தா வீட்ட பத்தி பதில் வருது.

காசிமேடு_காத்து
அட அப்டியா மேட்டரு. அதுல தப்பு இல்ல தலீவா, இங்க எங்க பாத்தாலும் பழைய வூட்ட இடிச்சி அபார்ட்மெண்டு போட்னுதானே கீறானுங்க. பெருசு பயப்படுறது கரீட்டுதான். நா மொதல்ல சொன்னது சொம்மா தமாசுக்கு, வுட்ரு.

ராயபுரம்_வக்கீல்
காலைல சொன்னதோட தொடர்ச்சி. ஹெல்த் டிபார்ட்மெண்ட்ல வேலை ஆகலன்னா அடுத்து ஆர்டிஓ. டிரைவிங் லைசென்ஸ் ஆபீஸ் இல்ல, வருவாய் கோட்டாட்சியர். முன்னாடி சிஆர்பிசிங்குற குற்றவியல் நடைமுறை சட்டத்துல 133ன்னு ஒரு பிரிவு இருந்துச்சு, 2024 ஜூலை 1லேர்ந்து அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்துல அது 152. பொது தொல்லைய நீக்கணும், இல்லன்னா வந்து காரணம் சொல்லணும்னு நிபந்தனை உத்தரவு போடுவாங்க. அவருக்கும் பேச வாய்ப்பு உண்டு, அதனால இது ஒரே நாள்ல முடியாது. எதிர்வீட்டுக்காரங்க மட்டும் மனு குடுக்காம தெருவுல எத்தன வீடோ அத்தன பேரும் கையெழுத்து போட்டு, போட்டோவோட, முன்ன குடுத்த புகார் நம்பரோட குடுங்க. ஒருத்தர் மட்டும் குடுத்தா பக்கத்து வீட்டு பகைன்னு தோணும்.

இந்த பிரிவ சாதாரணமா நெனைக்காதீங்க. ரத்லாம் நகராட்சி கேஸ், 1980, சுப்ரீம் கோர்ட், நீதிபதி கிருஷ்ணய்யர். சாக்கடை நாத்தம் தாங்காம தெருக்காரங்க போட்டது இதே 133லதான். எங்ககிட்ட காசு இல்லன்னு நகராட்சி சொன்னத கோர்ட் ஏத்துக்கல. யாராவது எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொன்னா இத சொல்லுங்க.

புகார் சும்மா தூங்குச்சுன்னா தகவல் உரிமை சட்டத்துல ஆர்டிஐ மனு போடுங்க, பத்து ரூபாதான், 30 நாள்ல பதில் குடுக்கணும். ஏன் செய்யலன்னு கேக்காதீங்க, என் புகார் மேல எந்த தேதியில யாரு என்ன நடவடிக்கை எடுத்தாங்க, அந்த குறிப்போட நகல் குடுங்கன்னு கேளுங்க. ஏன்னு கேட்டா அது தகவல் இல்லன்னு திருப்பிடுவாங்க.

பங்கு இருக்குன்னு சொன்னீங்களே, நோட்டீஸ் யாரு பேருக்கு போகணும்ங்குறதும் முக்கியம். சொத்து யார் யார் கைக்கு மாறுச்சுன்னு காட்டுற வில்லங்க விவரம் ஆன்லைன்ல காசில்லாம பாக்கலாம். ஆனா தாத்தா காலத்துலேர்ந்து கை மாறாத சொத்துனா அதுல ஒண்ணுமே வராது, அப்போ சொத்து வரி யாரு பேர்ல இருக்குன்னு பாருங்க.

எருக்கஞ்சேரி_அக்கா
வக்கீல் சார் சொல்றது எல்லாம் சரிதான், ஆனா நோட்டீஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி இத படிங்க. எங்க பெரிய மாமா இப்படித்தான், அவரு சேத்தது பேப்பரும் துணியும் பிளாஸ்டிக் கவரும். அவரு ஒரு கல்யாணத்துக்கு காஞ்சிபுரம் போயிருந்தப்போ அவரு பசங்க ரெண்டு லோடு அடிச்சு வீட்ட காலி பண்ணி, பெயிண்ட் அடிச்சு, புது பெட்ஷீட் எல்லாம் விரிச்சு வெச்சாங்க. சந்தோஷப்படுவாருன்னு நெனச்சாங்க. மனுஷன் வந்து பாத்துட்டு வாசல்லயே உக்காந்துட்டாரு, சாப்பிடல, யாரோடயும் பேசல. ஒரு வருஷம் கூட ஆகல, வீடு திரும்ப ரொம்பிடுச்சு, இந்த தடவ எல்லா ரூமுக்கும் பூட்டு வேற.

இது சோம்பேறித்தனமோ கலீஜோ இல்ல. உலக சுகாதார நிறுவனம் இத தனி மனநல பிரச்சனையாவே பட்டியல்ல வெச்சிருக்கு. தூக்கி போடணும்னு நெனச்சாலே அவங்களுக்கு நெஞ்சு படபடன்னு வந்துரும், எல்லாமே ஒரு நாள் உதவும்னு தோணும். அதுலயும் உங்க பெரியவர் மெக்கானிக்கு, அவருக்கு நெஜமாவே ஒவ்வொரு பாடியிலயும் ஏதோ ஒரு ஸ்பேர் தெரியும். நமக்குதான் அது குப்பை. நீங்க அவருக்கு சொந்தக்காரங்க இல்லன்னாலும் 14416, டெலி மனஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், அதுல கூப்ட்டு எப்படி பேசுறதுன்னு கேக்கலாம், தமிழ்லயே பேசுவாங்க. அவரா வர ஒத்துக்கிட்டா கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரில ஓபி இருக்கு. ஆனா மொத நாளே கீழ்ப்பாக்கம்னு வாய தொறக்காதீங்க, நம்ம ஊர்ல அந்த பேரு சொன்னா என்ன அர்த்தம்னு தெரியும்ல.

நாங்க அப்புறம் பண்ணது, அவர கேக்காம ஒரு பொருளையும் தொடல. எத எடுத்துக்கலாம்னு கேட்டா எதையும் தரமாட்டாரு. எத கண்டிப்பா வெச்சுக்கணும், அத மொதல்ல பத்திரமா எடுத்து வெப்போம்னு கேட்டோம், அப்போதான் எறங்கி வந்தாரு. வீடு முழுக்க கேக்காதீங்க. உங்களுக்கு இப்போ தேவை மழை படுற எடம் மட்டும்தான, மாடியும் வாசலும். உள்ள இருக்குறத பத்தி பேசவே பேசாதீங்க. வீட்ட யாரும் கேக்கலன்னு அவருக்கு அப்பதான் நம்பிக்கை வரும். அப்புறம் பேசுறது எதிர்வீட்டு அம்மாவா இருக்க கூடாது, கோவம் தணியட்டும். அவருக்கு யார் மேல மரியாதை இருக்கோ அவங்க பேசணும்.

தண்டையார்பேட்டை_அப்பா
அக்கா, நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா இப்படி ஒவ்வொண்ணா கேட்டு கேட்டு எடுக்குறதுக்குள்ள இன்னும் ரெண்டு புள்ளைங்களுக்கு காய்ச்சல் வந்தா?

எருக்கஞ்சேரி_அக்கா
அதுக்குதான் கொசு வேலைய இன்னைக்கே பண்ணுங்கன்னு கொடுங்கையூர் தம்பி சொன்னாரு. மருந்து ஊத்துறதுக்கு அவரு ஒரு பொருளயும் விட்டுக்குடுக்க வேணாம். அது இன்னைக்கு, சாமான் எடுக்குறது அப்புறம். ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிறதாலதான் சண்டையே வருது.

மின்ட்_பழைய_இரும்பு
நான் காயலான் கடை வெச்சிருக்கேன், சாமான் எறக்குறத பத்தி மட்டும் சொல்றேன். பெருசுக்கு சரக்கு தெரியும், அதனால ஏமாத்துற ஆள கூட்டிட்டு போனா காரியம் கெட்டுடும். மிக்ஸி மோட்டார்ல பழசு எல்லாம் காப்பர், புதுசுல பாதி அலுமினியம், மேல வார்னிஷ் அதே செவப்பா இருக்கும். பிளேடால ஒரு சுரண்டு சுரண்டுனா உள்ள வெள்ளயா தெரிஞ்சா அலுமினியம். ரெண்டுத்துக்கும் ரேட்டு மலைக்கும் மடுவுக்கும். தெரியாதவன் எல்லாத்தையும் தகர ரேட்டுல தூக்கிட்டு போவான். அவரயே சுரண்டி பிரிச்சு போட சொல்லுங்க, வேலையும் ஆகும், அவரு கையாலயே போகும். தராசு அவரு வாசல்லயே வெக்கணும், காசு அவரு கையில குடுக்கணும். தெருக்காரங்க கையில வாங்கி சங்கத்துல போடுறேன் கிங்கத்துல போடுறேன்னு ஆரம்பிச்சா அதோட முடிஞ்சுது.

பழைய பெட்டி டிவி, டியூப்லைட், யூபிஎஸ் பேட்டரி இதெல்லாம் தனியா வைங்க. டிவிய சில பேரு காப்பர் காயிலுக்காக ஒடச்சுட்டு கண்ணாடிய தெருவுல போட்டுருவான், அதுல ஈயம் இருக்கு. டியூப்லைட் ஒடஞ்சா பாதரசம். பேட்டரி ஆசிட் கையில படக்கூடாது. மெத்தை, சோஃபா, பழைய துணி இதெல்லாம் எங்களுக்கு வேணாம், அத கார்ப்பரேஷன்லயே சனிக்கிழமைல வாசலுக்கு வந்து எடுக்குறாங்க, முன்னாடியே பதிவு பண்ணணும். டயர நானும் எடுக்க மாட்டேன்.

இன்னொண்ணு, கை விடறதுக்கு முன்னாடி குச்சியால தட்டுங்க. பெருச்சாளி இருந்தா பாம்பும் இருக்கும். எலி மூத்திரம் பட்ட தண்ணில வெறுங்காலோட நின்னா எலிக்காய்ச்சல், கால்ல புண்ணு இருந்தா எறங்கவே கூடாது. கம்பூட்ஸ் போடுங்க.

பெரம்பூர்_லோகோ
சந்துல சிந்து பாடுறேன்னு நெனைக்காதீங்க, எங்க தெருவுல மூணு சக்கரமும் இல்லாத ஒரு ஆட்டோ நிக்குது, அதுக்கும் ஆர்டிஓதானா?

ராயபுரம்_வக்கீல்
அது ரோட்டுல நிக்கிது, இவ்ளோ சுத்த வேணாம். கேட்பாரற்ற வண்டின்னு 1913லயும் டிராஃபிக் போலீஸ்லயும் சொல்லுங்க, நம்பர் பிளேட் போட்டோவோட.

பெரம்பூர்_லோகோ
நம்பர் பிளேட்டும் இல்ல சார் 😭

வண்ணை_வாசி
அப்டேட். எல்லாருக்கும் நன்றி, கொஞ்சம் பெருசா எழுதுறேன்.

கொசுன்னு சொன்னதும் ஆள் வந்துட்டாங்க, டிபிசி அக்கா ரெண்டு பேரு, கூட ஒரு சானிட்டரி இன்ஸ்பெக்டர். மொதல்ல எங்க வீட்டுக்குள்ள வந்து எங்க ஃபிரிட்ஜு டிரேல புழு எடுத்து காட்டுனாங்க, எங்கம்மா மூஞ்சிய பாக்கணுமே. ஒரு வகையில அதுவே நல்லதாப் போச்சு, அத எடுத்துட்டு போய் எங்கம்மாவே பெரியவர்கிட்ட, அண்ணே எங்க வீட்டுலயும் இருக்கு, உங்க மாடியையும் ஒரு பார்வ பாத்துட்டு போகட்டும்னு கேட்டாங்க. எங்கம்மா மேல அவருக்கு மரியாதை உண்டு, இருவது வருஷமா அவர் வீட்டு பொங்கல் எங்க வீட்டு அடுப்புலதான். மாடிக்கு விட்டாரு. பாதி அறுத்த சின்டெக்ஸ்ல டார்ச் அடிச்சா தண்ணியே அசையுற மாதிரி இருந்துச்சு, அவ்ளோ புழு. அவரே கொஞ்ச நேரம் குனிஞ்சு பாத்துட்டு, இதுல தண்ணி நிக்குதுன்னு எனக்கு தெரியாதுப்பான்னாரு. முட்டி வலியில மாடி ஏறியே நாள் ஆச்சாம்.

மருந்து ஊத்துனாங்க, நோட்டீஸ் ஒண்ணு குடுத்தாங்க, மாடியும் வாசலும் காலி பண்ணணும்னு மட்டும் எழுதியிருந்துச்சு. பெரியவர் அத மூணு தடவ படிக்க சொல்லி கேட்டாரு, வீட்ட பத்தி ஏதாச்சும் இருக்கான்னு. இல்லன்னு இன்ஸ்பெக்டரே படிச்சு காமிச்சப்புறம்தான் மடிச்சு பாக்கெட்ல வெச்சாரு.

ஞாயித்துக்கிழம தெரு பசங்க வந்தாங்க. அக்கா சொன்ன மாதிரி எத வெச்சுக்கணும்னுதான் கேட்டோம். வைண்டிங் மெஷின், டூல் பெட்டி, கேஜ் வாரியா கட்டி வெச்ச காப்பர் ஒயர் ரோல், மில்லு ஐடி கார்டு இருந்த ஒரு தகர டப்பா. அதெல்லாம் உள்ள போச்சு. மீதிக்கு திண்ணையில உக்காந்து அவரே பிளேடு எடுத்து சுரண்டி சுரண்டி, இது காப்பரு, இது டுபாக்கூருன்னு ரெண்டு குவியலா போட்டாரு. கடைக்காரர் தராசு வெச்சப்போ பெரியவர் மொதல்ல தராச தூக்கி பாத்தாரு, தட்டுக்கு அடியில காந்தம் ஏதாச்சும் இருக்கான்னு. ரேட்டுல அவரு பேரம் பேசுன பேச்சுக்கு கடைக்காரர் வேத்து ஊத்திட்டாரு. மின்ட் அண்ணே, உங்க ஆளுதான் அவரு, பாவம்.

ரெண்டு ஃபிரிட்ஜுல ஒண்ணு போச்சு. இன்னொண்ணு தரமாட்டேன்னுட்டாரு, கம்ப்ரஸர் நல்லா இருக்காம். சரின்னு கவுத்து வெச்சுட்டோம், தண்ணி நிக்காது. டயருக்குதான் வழி தெரியல. மாடியில தார்ப்பாய் போட்டு கட்டியிருக்கோம். உள்ள ரெண்டு ரூமு அப்படியேதான் இருக்கு, பெருச்சாளியும் அப்படியேதான் இருக்கு. எதிர்வீட்டு பையன் வீட்டுக்கு வந்துட்டான். அந்த அம்மா இன்னும் பெரியவரோட பேசல, ஆனா கத்தவும் இல்ல.

தண்டையார்பேட்டை_அப்பா
பையன் வந்துட்டான்ல, அது போதும். வாரா வாரம் மாடிய பாருங்க, தார்ப்பாய் பள்ளத்துல தண்ணி நின்னா அதுவும் அதே கததான்.

கொடுங்கையூர்காரன்
கரெக்ட். தார்ப்பாய நடுவுல ஒரு கம்பு குடுத்து கூடாரமா தூக்கி கட்டுங்க, தண்ணி ரெண்டு பக்கமும் வழிஞ்சிடும். டயர தெருவுல மட்டும் போடாதீங்க, இன்ஸ்பெக்டர் நம்பர் வாங்கியிருந்தா அவர்கிட்டயே கேளுங்க, டெங்கு சீசன்ல டயர் எடுக்க வண்டி அனுப்புவாங்க.

எருக்கஞ்சேரி_அக்கா
உள் ரூமுக்கு அவசரப்படாதீங்க. மொதல்ல அடுப்பு பக்கமும் அவரு படுக்குற எடத்துலேர்ந்து கதவு வரைக்கும் வழியும் மட்டும் கேளுங்க, தீ கீ புடிச்சா மனுஷன் வெளிய வரணும்ல. அம்மாவ விட்டே கேக்க சொல்லுங்க.

காசிமேடு_காத்து
தலீவா, அந்த பெருசு இன்னும் வைண்டிங் பண்றாரா? எங்கூட்டு கிரைண்டரு ஒரு மாசமா மக்கர் பண்ணிக்னு கீது.

வண்ணை_வாசி
பண்றாரு. கொண்டு வாங்க, ஆனா ரிப்பேர் ஆனதும் கையோட எடுத்துட்டு போயிடணும். பழைய பார்ட்டயும் சேத்து.